மூடிய பதிவேட்டைப் படித்தவர்கள்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கல்விக் கருத்தரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். கல்வியின் பெருமையை எடுத்துரைக்க நம்மினும் வல்லவர்கள் இம்மேடையிலேயே பலர் இருக்கிறார்கள். ஆதலின், பெருமை பேசுவதை அவர்களுக்கு விட்டுவிட்டு, கல்வி எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு ஒரே ஒரு சான்றினை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். சட்டைப்பையில் அடங்கும் ஒரு பாட்டுப்பெட்டி, அதனுள் இருந்த ஒரு பதிவேடு, அதைப் படிக்க முறை சொல்லித்தராத ஒரு நிறுவனம், சொல்லித்தராமலே படித்துக்கொண்ட சில இளைஞர்கள் ஆகியோரைப் பற்றியது இச்சான்று. கணிப்பொறி பயிலும் பிள்ளைகளுக்கு இது பாடமாகும். பயிலாதவர்களுக்கும் இது விளங்கும் வண்ணம் சொல்ல முயல்வோம்.

பெட்டியும் பதிவேடும்

அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 2001ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் ஐபாட் என்னும் கருவியை அறிமுகம் செய்தது. உள்ளங்கையில் அடங்கும் அப்பெட்டியில் 5 ஜிகாபைட் கொள்ளளவுள்ள ஒரு வட்டு இருந்தது. ஆயிரம் பாடல்களைக் கொள்ளும் என்று விளம்பரம் செய்தார்கள். விலை 399 டாலர். ஆனால் அந்தப் பெட்டியில் பாடலை ஏற்ற வேண்டுமாயின், அதே நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணிப்பொறியும், அதே நிறுவனத்தின் ஐட்யூன்ஸ் என்னும் மென்பொருளும் வேண்டும். விண்டோஸ் கணிப்பொறிக்கு ஏற்ற ஐபாட் 2002 ஜூலையிலேதான் வந்தது. விண்டோஸில் இயங்கும் ஐட்யூன்ஸ் 2003 அக்டோபரில் வந்தது. எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்திற்கு ஐட்யூன்ஸ் வரவே இல்லை.

இப்பெட்டியைக் கம்பி வழியே கணிப்பொறியில் இணைத்தால், அது சாதாரண வட்டினைப் போலவே காட்சி தரும். பாடல் கோப்பை எடுத்து அதனுள் போடுவதற்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் போட்ட பிறகு பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், பட்டியலில் அப்பாடல் இராது. பாடல் உள்ளே இருக்கிறது. பெட்டிக்கு அது தெரியவில்லை. ஏன்?

நம் பள்ளிக்கூடத்து வழக்கிலேயே இதற்கு விடை உண்டு. ஒரு பையன் வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் இல்லை. எனில், அரசின் கணக்கில் அவன் பள்ளியில் இல்லை. அவனுக்குப் புத்தகம் இல்லை, தேர்வு எண் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பது ஒன்று, ஏட்டில் இருப்பது மற்றொன்று. ஏட்டில் இடம்பெறாதவன் நிலை என்ன என்பதை இந்த அவைக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஐபாடும் அவ்வாறே இயங்கிற்று. அது தன் வட்டில் உள்ள பாடல்களைத் தேடிப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு பேரேட்டைத்தான் படிக்கும். ஐபாட்_கண்ட்ரோல் என்னும் மறைவான கோப்புறைக்குள், ஐட்யூன்ஸ் என்னும் உட்கோப்புறையில், ஐட்யூன்ஸ்டிபி என்ற பெயருடன் அப்பேரேடு இருந்தது. பாடல்களோ எப்00, எப்01 என எண்ணிட்ட கோப்புறைகளில் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. பாடலின் பெயர், பாடியவர், தொகுப்பு, நீளம், கோப்பு இருக்கும் இடம் ஆகிய யாவும் பேரேட்டில் எழுதப்பட்டிருக்கும். அதில் எழுதப்பெற்ற பாடலே பெட்டிக்குப் பாடல்.

இந்தப் பேரேடு எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்னும் விளக்கத்தை நிறுவனம் வெளியிடவில்லை. பெட்டியை விலை கொடுத்து வாங்கியவர் உரிமையாளர், பாடலும் அவருடையது, ஆனால் அவருடைய பாடல்களின் பட்டியலை எழுதும் எழுத்துமுறை மட்டும் மற்றொருவர் கையில் இருந்தது. படிக்கும் முறை யார் கையில் இருக்கிறதோ, அவர் கையிலேயே பொருளும் இருக்கிறது என்பதை நாம் இவ்விடத்தில் கருத வேண்டும்.

படித்த முறை

செய்து முடிக்கப்பட்ட பொருளை ஆராய்ந்து, அது செய்யப்பட்ட முறையைக் கண்டறிவதை ஆங்கிலத்தில் ரிவர்ஸ் எஞ்ஜினியரிங் என்பர். பெயர் பெரிது, முறை எளிது. பல நாடுகளில், ஒருவரையொருவர் நேரில் அறியாத இளைஞர்கள் சிலர் இப்பணியில் இறங்கினார்கள். அவர்களிடம் இருந்தவை ஓர் ஐபாடும், ஒரு கணிப்பொறியும், கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஒரு சிறு மென்பொருளுமேயாகும். பைட் என்பது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். எந்தக் கோப்பும் இத்தகைய எண்களின் நீண்ட வரிசைதான்.

முதலில் கண்ணில் படுவது எது? எண்களுக்கு இடையிடையே நான்கு ஆங்கில எழுத்துகள் கொண்ட குறிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு குறியிலும் முதல் இரண்டு எழுத்துகள் எம், எச் என்பவையே. பின்னிரண்டு மட்டும் மாறுபடுகின்றன. எனவே இது ஒரே கைப்பட்ட ஒழுங்கு என்பது புலனாயிற்று. ஒவ்வொரு குறியும் ஒரு புதிய பெட்டியின் தொடக்கம் என்று கொண்டார்கள். குறியை அடுத்து வரும் நான்கு பைட்டுகள் அப்பெட்டியின் தலைப்பகுதி எவ்வளவு நீளம் என்பதையும், அதற்கடுத்த நான்கு பைட்டுகள் பெரும்பாலும் பெட்டி முழுவதும் எவ்வளவு நீளம் என்பதையும் குறித்தன.

இவ்வெண்களைப் படிப்பதற்கு ஒரு விதி உண்டு. நாம் ஆயிரம் என்று எழுதும்போது பெரிய இடமதிப்பை இடப்புறத்தில் எழுதுகிறோம். இப்பேரேட்டிலோ சிறிய இடமதிப்பு முதலில் வரும். ஒவ்வோர் இடமும் முந்தையதைப் போல் 256 மடங்கு. எடுத்துக்காட்டாக, ஒரு பாடலின் விவரத்தில் 128, 169, 3, 0 என நான்கு பைட்டுகள் வருகின்றன எனக் கொள்வோம். 128ஐ அப்படியே எடுத்துக்கொள்க. 169ஐ 256ஆல் பெருக்கினால் 43,264. 3ஐ 65,536ஆல் பெருக்கினால் 1,96,608. மூன்றையும் கூட்டினால் 2,40,000. அப்பாடல் நான்கு நிமிடம் ஓடுவது என்று நமக்குத் தெரியும். நான்கு நிமிடம் 240 விநாடி. ஆகவே இவ்விடத்தில் எழுதியிருப்பது பாடலின் நீளம். அளவு, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்தாம் வகுப்புக் கணக்கைத் தாண்டி இதில் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது ஒப்பிடும் முறை. பேரேட்டின் படி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஐட்யூன்ஸ் வழியாக ஒரே ஒரு மாற்றம் செய்ய வேண்டும். புதிய பேரேட்டைப் பழையதுடன் பைட் பைட்டாக ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு பாடலுக்கு ஒரு நட்சத்திரம் மதிப்பு அளித்தால் ஓரிடத்தில் 20 என்னும் எண் தோன்றுகிறது. இரண்டு நட்சத்திரம் அளித்தால் 40. மூன்று அளித்தால் 60. ஐந்து அளித்தால் 100. ஒருவரையும் கேளாமல் ஓர் இடத்தின் பொருள் தெளிவாகிவிட்டது. ஒரே நேரத்தில் மூன்று மாற்றங்கள் செய்தவனுக்கு எந்த மாற்றத்தால் எந்த எண் மாறியது என்பது விளங்காது. ஒரு முறைக்கு ஒரு மாற்றம் என்பதே இதன் உயிர்நாடி.

பாடலின் தலைப்பில் ஓர் எழுத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? இது மிக அழகிய பரிசோதனை. ஓர் ஆங்கில எழுத்தைக் கூட்டினால் கோப்பு 2 பைட் நீள்கிறது. ஏனெனில் இப்பேரேட்டில் சொற்கள் யூனிகோடு முறையில், எழுத்துக்கு இரண்டு பைட் வீதம் எழுதப்பட்டுள்ளன. நமது ‘அ’ என்னும் எழுத்துக்கு அம்முறையில் வரிசை எண் 2,949. அது 133, 11 என்னும் இரண்டு பைட்டுகளாக அமையும். 11ஐ 256ஆல் பெருக்கி 133ஐக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு மொத்தம் 10 பைட்டுகள். த ஒன்று, ம ஒன்று, இகரக் குறி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று என ஐந்து குறிகள் ஆதலின் அவ்வாறு.

கோப்பு 2 பைட் நீண்டதோடு நிற்கவில்லை. கோப்பின் வெவ்வேறு இடங்களில் உள்ள ஐந்து எண்களும் ஒவ்வொன்றும் சரியாக 2 கூடியிருந்தன. தலைப்புச் சொல்லின் நீளம், அச்சொல்லைத் தாங்கிய சிறு பெட்டியின் நீளம், அதைத் தாங்கிய பாடற் பெட்டியின் நீளம், அதைத் தாங்கிய பகுதியின் நீளம், முழுப் பேரேட்டின் நீளம் ஆகிய ஐந்துமாம். எந்தப் பெட்டி எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதை ஓர் எழுத்தே காட்டிக் கொடுத்துவிட்டது. அடுக்கிய பாத்திரங்களில் உட்பாத்திரம் பெருத்தால் வெளிப்பாத்திரமும் பெருக்க வேண்டுமல்லவா? அதுவே இங்கும்.

இவ்வாறு முழு வடிவமும் வெளிப்பட்டது. வெளியே பேரேடு. அதனுள் இரு பெரும் பகுதிகள்: ஒன்று பாடல்களின் வரிசை, மற்றது பாடற்பட்டியல்களின் வரிசை. பாடல் வரிசையின் தலைப்பில் நீளத்திற்குப் பதிலாகப் பாடல்களின் எண்ணிக்கை இருந்தது. ஒவ்வொரு பாடலுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பாடலின் கீழே சொற்கள் வகை எண்ணுடன் வரும்: 1 தலைப்பு, 2 கோப்பு இருக்கும் இடம், 3 தொகுப்பு, 4 பாடியவர், 5 இசைவகை. பாடற்பட்டியலில் பாடலின் பெயர் திரும்ப எழுதப்படுவதில்லை. அடையாள எண் மட்டுமே. எல்லாப் பாடல்களும் அடங்கிய தலைமைப் பட்டியல் ஒன்று முதலில் இருக்க வேண்டும். அதன் பெயரே பெட்டியின் பெயர்.

தேதிகளைக் கண்டறிந்த விதமும் சுவையானது. பாடல் சேர்க்கப்பட்ட நாளைக் குறிக்கும் இடத்தில் மிகப் பெரிய எண் ஒன்று இருந்தது. 2002 ஜனவரி முதல் நாளுக்கு அவ்வெண் 309 கோடியே 26 இலட்சத்து 88 ஆயிரம் ஆகும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. வகுத்தால் 35,795 நாட்கள். அதாவது மிகச் சரியாக 98 ஆண்டுகள். 2002இலிருந்து 98ஐக் கழித்தால் 1904. மெக்கின்டாஷ் கணிப்பொறிகள் தம் காலக்கணக்கை 1904 ஜனவரி முதல் நாளில் தொடங்குவது முன்பே அறியப்பட்ட செய்தி. பிற இயந்திரங்கள் பல 1970இலிருந்து தொடங்கும். ஒரு வகுத்தல் கணக்கு, அந்தப் பேரேட்டின் பிறப்பிடத்தையே சொல்லிவிட்டது.

மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் பாடலைக் கேட்டால், எத்தனை முறை கேட்டோம் என்னும் கணக்கைப் பெட்டி பேரேட்டில் எழுதாது. பக்கத்தில் வேறொரு சிறு கோப்பில் எழுதும். அதில் பாடலின் பெயரும் இல்லை, அடையாள எண்ணும் இல்லை. பேரேட்டில் பாடல்கள் எந்த வரிசையில் உள்ளனவோ, அதே வரிசையில் கணக்கு மட்டும் இருக்கும். பெயரில்லாத மதிப்பெண் பட்டியலை வருகைப் பதிவேட்டின் வரிசை கொண்டு படிப்பது போன்றது இது. வரிசை தெரிந்தவனுக்கே அது பொருள் தரும்.

தேர்வும் திருத்தமும்

படித்துவிட்டோம் என்று ஒருவர் கூறிக்கொள்வது போதுமா? போதாது. தாமே ஒரு பேரேட்டை எழுதிப் பெட்டியில் வைக்க வேண்டும்; பெட்டி அதை ஏற்றுப் பாட வேண்டும். இங்கே பெட்டியே தேர்வாளர். பரிந்துரைக் கடிதம் அதனிடம் செல்லாது; எழுதியவர் யாருடைய பிள்ளை என்று அது கேளாது. எண்கள் சரியெனில் பாடும், தவறெனில் பாடாது. இத்தகைய தேர்வாளர் உள்ள துறைகளில் நம் பிள்ளைகள் மிகுதியாகப் புக வேண்டும் என்பது நமது நெடுநாள் விருப்பம்.

இம்முயற்சியின் பயனாக லினக்ஸில் ஜிடிகேபாட், குனுபாட் போன்ற மென்பொருள்கள் உருவாயின. பின்னர் லிப்ஜிபாட் என்னும் பொதுத் தொகுதி எழுந்தது. அமாரோக், ரிதம்பாக்ஸ் முதலிய பாட்டு மென்பொருள்கள் அதனைப் பயன்படுத்தி ஐபாடுடன் பேசின. ஒருவர் கண்டதை மற்றவர் மீண்டும் தோண்ட வேண்டாதபடி, பேரேட்டின் அமைப்பு முழுவதையும் பொதுவில் எழுதி வைத்தார்கள். எந்த இடத்தில் எந்த எண், எத்தனை பைட், என்ன பொருள் என்று அட்டவணையிட்டார்கள்.

அந்த அட்டவணைகளில் நம்மைக் கவர்ந்தது ஒன்றுண்டு. பல இடங்களுக்கு நேரே ‘அறியப்படவில்லை’ என்று எழுதப்பட்டிருந்தது. ஊகித்ததை உண்மையென்று எழுதி நிரப்பவில்லை. ‘இவ்வெண் எப்போதும் 1ஆகவே காணப்படுகிறது, காரணம் தெரியவில்லை’ என்பது போன்ற குறிப்புகள் இருந்தன. பின்னே வந்தவர்கள் அந்த வெற்றிடங்களை ஒவ்வொன்றாக நிரப்பினார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைப்பவன் அடுத்தவனுக்கு வேலையின் தொடக்கப் புள்ளியைத் தருகிறான். விடைத்தாளில் கோடிட்ட இடத்தை எதையாவது கொண்டு நிரப்பும் பழக்கத்தை நம் மாணவர்கள் விட்டொழிக்க இது நல்ல மருந்து.

பூட்டும் கடிதமும்

2007ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த புதிய ஐபாடுகளில் ஒரு மாற்றம் நேர்ந்தது. பேரேட்டின் தலைப்பகுதியில், 88ஆவது இடத்திலிருந்து 20 பைட் அளவுள்ள ஒரு முத்திரை எண் சேர்க்கப்பட்டது. பேரேட்டின் உள்ளடக்கத்தையும், அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணையும் சேர்த்து ஒரு கணக்கின்படி அது பெறப்படும். பேரேட்டில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை முழுவதும் மாறிவிடும். முத்திரை பொருந்தவில்லையெனில், வட்டில் ஆயிரம் பாடல் இருந்தாலும் பெட்டி பாடல் எதுவும் இல்லை என்றே காட்டும். அப்புதிய கருவிகளில் பிற மென்பொருள்கள் செயலிழந்தன.

இம்முறை பேரேட்டை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரவில்லை. முத்திரையிடும் ஐட்யூன்ஸ் மென்பொருளின் இயக்கத்தையே ஆராய வேண்டியதாயிற்று. ஆயினும் சில நாட்களுக்குள் அந்தக் கணக்கு கண்டறியப்பட்டு வெளியிடப்பட்டது. ஆறு ஆண்டுகளாகச் சேர்ந்த அறிவும், அதைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கமும் முன்பே இருந்தமையால் அது இயன்றது. பிற்காலக் கருவிகளில் மேலும் கடினமான முத்திரைகள் வந்தன.

2008 நவம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள், இத்தகைய ஆய்வுக் குறிப்புகள் இடம்பெற்றிருந்த புளுவிக்கி என்னும் பொதுத் தளத்தை நடத்திய ஓடியோவொர்க்ஸ் என்ற சிறு நிறுவனத்திற்கு, அக்குறிப்புகளை நீக்குமாறு கடிதம் விடுத்தார்கள். பாதுகாப்புப் பூட்டுகளை உடைப்பதைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தைக் காட்டினார்கள். குறிப்புகள் நீக்கப்பட்டன. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2009 ஏப்ரலில், எலக்ட்ரானிக் பிராண்டியர் பவுண்டேஷன் என்னும் உரிமைக் காப்பு அமைப்பின் துணையோடு ஓடியோவொர்க்ஸ் கலிபோர்னியாவில் நீதிமன்றம் ஏறியது. ஒரு பொருள் எவ்வாறு இயங்குகிறது என்று பேசிக்கொள்வது குற்றமாகாது என்பது அதன் வாதம். அதே ஆண்டு ஜூலையில் ஆப்பிள் தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது; வழக்கும் கைவிடப்பட்டது. நீதிமன்றம் தீர்ப்பு ஏதும் கூறவில்லை. எனினும் குறிப்புகள் மீண்டும் பொதுவில் நின்றன.

ஒரு நூலைப் படிக்க யாருக்கு உரிமை உண்டு என்னும் கேள்வி நமக்குப் புதியதன்று. இக்காலத்தில் அது இயந்திரங்களின் வடிவில் திரும்பி வந்திருக்கிறது. ஆதலின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகா என்று பட்டியலிடுகிறது. 1999ஆம் ஆண்டின் திருத்தத்தால் அதில் சில கூறுகள் சேர்ந்தன. கணிப்பொறி மென்பொருளை முறைப்படி கையில் வைத்திருக்கும் ஒருவர், தாம் தனியே ஆக்கிய மென்பொருள் அதனோடு இணைந்து இயங்குவதற்கு இன்றியமையாத செய்தியை அறியத் தேவையானவற்றைச் செய்யலாம். அச்செய்தி வேறு வழியில் எளிதில் கிடைக்காததாக இருத்தல் வேண்டும். ஒரு மென்பொருளின் அடிப்படைக் கருத்துகளை அறியும் பொருட்டு அதன் இயக்கத்தைக் கவனிப்பதும் ஆராய்வதும் சோதிப்பதும் அனுமதிக்கப்பட்டுள்ளன. ஐரோப்பிய நாடுகள் இத்தகைய உரிமையை 1991லேயே ஏற்றன. அதே வேளையில், 2012இல் நம் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவின்படி, பிறர் உரிமையை மீறும் நோக்கத்துடன் பாதுகாப்புப் பூட்டை உடைத்தல் குற்றமாகும்.

இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள கோட்டினை நன்கு நோக்குங்கள். 2003 முதல் ஆப்பிள் விற்ற பாடல்களுக்குத் தனியே ஒரு பூட்டு இருந்தது. அது பாடலைப் படியெடுப்பதைத் தடுப்பதற்கானது. நாம் பேசுவது அதைப் பற்றியன்று. நம் பாடல்களின் பட்டியலை நாமே எழுதிக்கொள்வதைப் பற்றியது. தன் பெட்டியைத் திறந்து பார்ப்பவன் மாணவன். பிறர் பெட்டியைத் திறப்பவன் திருடன். கருவி ஒன்றாக இருக்கலாம், கையும் ஒன்றாக இருக்கலாம். நோக்கமே இருவரையும் வேறுபடுத்துகிறது. அறிவு மிகுந்தவர்களாகிய நம் பிள்ளைகள் இக்கோட்டை ஒருபோதும் தாண்டலாகாது.

எஞ்சி நிற்பது

வட்டோடு கூடிய ஐபாடின் விற்பனை 2014இல் நிறுத்தப்பட்டது. ஐபாட் என்னும் பெயரில் எஞ்சியிருந்த கடைசி வகையும் 2022 மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. மெக்கின்டாஷில் ஐட்யூன்ஸ் என்னும் மென்பொருளே 2019இல் பிரிக்கப்பட்டு வேறு பெயர்களுக்குள் சென்றது. இருபது ஆண்டுகளில் ஒரு பெரும் பொருள் தோன்றி, உலகெங்கும் பரவி, மறைந்துவிட்டது. ஆயினும் இன்றும் ஒருவர் பழைய ஐபாட் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து, புதிய மின்கலம் பொருத்தி, லினக்ஸ் கணிப்பொறி ஒன்றின் வழியே பாடல் ஏற்ற முடியும். செய்த நிறுவனம் கைவிட்ட பொருளை, படித்து எழுதி வைத்தவர்களின் குறிப்பு உயிரோடு வைத்திருக்கிறது. பொருள் அழியும், அதைப் பற்றிய தெளிவான எழுத்து அவ்வளவு எளிதில் அழியாது.

தம்பிகளே, தங்கைகளே! இதிலிருந்து நீங்கள் கொள்ள வேண்டியவை சிலவே. விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்க வேண்டாம். நாம் மேலே சொன்ன கணக்குகள் யாவும் கூட்டல், பெருக்கல், வகுத்தல் மட்டுமே. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் கணிப்பொறியானாலும், கைப்பேசியானாலும், மின்மோட்டாரானாலும், தையல் இயந்திரமானாலும், ஒரு முறைக்கு ஒரு மாற்றம் செய்து, முன்னும் பின்னும் ஒப்பிட்டு, கண்டதைத் தேதியுடன் எழுதுங்கள். ஒரு கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் முதல் நூறு பைட்டுகளை ஒரு மாத காலம் ஆராய்ந்தாலும் போதும்; ஓராண்டுப் பாடத்திற்கு அது ஈடாகும். அறியாத இடத்தில் ‘அறியப்படவில்லை’ என்று எழுதக் கூசாதீர்கள்.

எழுதியதை உங்கள் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். அடுத்த தெருப் பிள்ளைக்குக் காட்டுங்கள். அவன் உங்கள் பிழையைத் திருத்துவான், அல்லது உங்கள் வெற்றிடத்தை நிரப்புவான். 2007ஆம் ஆண்டுப் பூட்டினைச் சில நாட்களில் திறந்தது ஆறு ஆண்டுகளாகக் குவிந்த பொதுக் குறிப்பேடு என்பதை மறவாதீர்கள். கற்றதைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் அடுத்தவருக்கு அளிப்பதற்காகவே இச்சங்கத்தை நம் பெரியவர்கள் அமைத்தார்கள். இச்சங்கத்தின் நூலகத்தில் ஒரு தனி ஏடு திறந்து, இளைஞர்கள் தாம் ஆராய்ந்து கண்டதை அதில் எழுதி வைக்க ஏற்பாடு செய்யுமாறு பொறுப்பாளர்களை வேண்டிக்கொள்கிறோம். சங்கம் பொன்விழா காணும்போது, அந்த ஏட்டைப் படித்துத் தொடர்பவர்கள் பலர் இருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறோம்.

இச்சங்கம் மேலும் பல்லாண்டு கல்விப் பணியாற்றி வளர்க என வாழ்த்துகிறோம்.